பன்னிரண்டாவது கணிப்பு

— ஐயையோ! என்ன சத்தம் அது? யாரது, உடுப்புக் கம்பியோட சேர்ந்து சாஞ்சு கிடக்கிறது?

— நான்தாம்மா. கால் தடுக்கிருச்சு. கொஞ்சம் கை கொடுங்க, இந்தப் பாவாடையெல்லாம் மேல விழுந்து மூச்சு முட்டுது.

— முட்டட்டும். நாப்பது உடுப்பு! காலையிலேர்ந்து இஸ்திரி போட்டு வரிசையா மாட்டி வச்சிருந்தேன். சாயங்காலம் ஆட்டம் இருக்கு. கதவைத் தட்டிட்டு வர்ற பழக்கம் கிடையாதா?

— தட்டினேன். தையல் மெஷின் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல. என்னைத் தெரியுதா? வாரப் பத்திரிகையில நாடகப் பக்கம் எழுதுறேனே...

— தெரியாம என்ன, கணிப்பு சார்! இசை நாடக விருது யாருக்குன்னு பதினொரு வருஷமா முன்கூட்டியே சொல்லி, பதினொண்ணும் பலிச்ச ஆள். முதல்ல எழுந்திரிங்க. நீங்க முட்டி போட்டிருக்கிறது இளவரசியோட முக்காட்டு மேல.

— மன்னிச்சுக்குங்க. நானே மாட்டிக் கொடுத்துடறேன்.

— தொடாதீங்க! உங்க விரல்ல பேனா மை. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. குண்டூசி இருக்கான்னு பார்த்துட்டு உக்காருங்க.

— தையலம்மா, எனக்கு நேரம் இல்ல. நாளைக்கு விருது. இன்னைக்கு நாலு மணிக்கு எங்க பக்கத்தை மூடி அச்சுக்கு அனுப்பிடுவாங்க. இப்ப மூணரை. பேரைச் சொல்லிட்டா என் வேலை முடிஞ்சுது.

— அப்ப சொல்ல வேண்டியதுதானே? இங்க எதுக்கு வந்தீங்க?

— நேத்து வரைக்கும் சந்தேகமே இல்ல. போட்டியில அஞ்சு வேடம். அதுல உங்க நாடகத்து விளக்குக்காரக் கிழவன் வேடத்துக்குத்தான் விருதுன்னு ஊரே பேசுது. உங்க ஹீரோ பேரை எழுதி வச்சுட்டேன்.

— ஆங். அப்புறம்?

— நேத்து நடுவர்ல ஒருத்தர்கிட்ட ஃபோன்ல பேசினேன். யார் பேரையும் அவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். உங்களுக்கே தெரியும், அந்த விருதுல வேடத்தோட பேரை மட்டும்தான் பட்டியல் போடுவாங்க. ஆடினவங்க பேரை உறையைக் கிழிச்சப்புறம்தான் படிப்பாங்க. ஆம்பளை பொம்பளைன்னு பிரிவும் கிடையாது. ஆனா மனுஷன் அடக்க முடியாம ஒண்ணு சொல்லிட்டார். ‘கடைசிப் பாட்டுல விளக்குக்காரன் முட்டி போட்டு, சனங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டே பாடின இடம் இருக்கே, நாப்பது வருஷத்துல நான் அப்படி ஒண்ணு பார்த்ததில்ல’ன்னார். குரல் கம்மிப் போச்சு அவருக்கு.

— நல்லாத்தானே சொல்லியிருக்கார்.

— நல்லாத்தான் சொன்னார். ஆனா நான் அந்த நாடகத்தை நாலு தடவை பார்த்தேன். உங்க ஹீரோ நின்னுக்கிட்டேதான் பாடுவார். அவருக்கு முட்டியில ஆபரேஷன் ஆகி, குனிஞ்சு செருப்பு மாட்டவே ஆள் வேணும். முதுகைக் காட்டுறதா? மூஞ்சியை மறைக்கிற மாதிரி பூங்கொத்து கொடுத்தாலே கோவிச்சுக்கிற ஆளு!

— ஹாஹா! அது மட்டும் சரியாச் சொன்னீங்க.

— அஞ்சு நடுவரும் ஒரே நாள்தான் வந்தாங்க. பதினேழாம் தேதி, வியாழக்கிழமை. அன்னைக்கு அந்தத் தாடிக்குள்ள இருந்தது யாரு? இந்த அறையைத் தாண்டாம எந்த உடுப்பும் மேடைக்குப் போகாது. உங்களுக்குத் தெரியாம இருக்காது.

— தெரியும். ஆனா சொல்றதுக்கு நான் எதுக்கு?

— உங்க பேரு வெளிய வராது, சத்தியமா. ‘நாடக வட்டாரத்தில் ஒருவர்’னு போட்டுக்கிறேன்.

— இருபத்திரெண்டு வருஷமா எல்லாரும் எனக்குப் பண்ற உபகாரம் அதுதான் சார். என் பேரைப் போடாம இருக்கிறது. நீங்களும் சேர்ந்துக்கிட்டீங்களா?

— கோவப்படாதீங்க. நானே சொல்றேன், ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. மாற்று நடிகர்?

— அவன் மூணாம் மாசமே விட்டுட்டுப் போயிட்டான். செலவு மிச்சம்னு முதலாளி வேற ஆள் போடல.

— அப்ப கூட்டுப் பாட்டுல பின்வரிசையில ஒரு உயரமான ஆள், நல்ல கனத்த குரல்...

— அந்தப் பனைமரமா? விளக்குக்காரன் கோட்டைப் போட்டா முழங்கை வெளிய நிக்கும். அதுவும் இல்லாம, கூட்டத்துல பாடச் சொன்னா சிங்கம். தனியா விட்டா விக்கல் வந்துடும்.

— வேற யாருக்கம்மா அத்தனை பாட்டும் தெரியும்? பதினாலு பாட்டு!

— அதோ சுவத்துல ஒரு ஒலிபெருக்கி தொங்குது பாருங்க. மேடையில நடக்கிற ஒவ்வொரு மூச்சும் இங்க கேக்கும். இந்த அறையில உக்காந்தா நூத்து நாப்பத்திரெண்டு ஆட்டமும் காதுக்குள்ள.

— அப்ப இங்க வேலை செய்றவங்களா? ஒத்தாசைக்கு ஆள் இருக்கா உங்களுக்கு?

— நான் ஒருத்திதான் சார். முதலாளி செலவு மிச்சம் பண்றார்னு சொன்னேனே.

— ஒருத்தியா? அப்ப...

— என்ன, எழுந்துட்டீங்க? ஸ்டூல்ல குண்டூசி குத்திருச்சா?

— நீங்களா?

— அந்தக் கோட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்க. ரெண்டு தோள்லயும் ஒன்றரை அங்குலம் உள்ள மடிச்சு, மறுநாள் பிரிச்ச தடம் இருக்கும். கோட்டுக் கையிலயும் நூல் அடையாளம். யாரோட தோள்னு அளந்து பார்க்கணும்னா டேப்பு என் கழுத்துலயே தொங்குது.

— பொம்பளை எப்படிம்மா... அந்தக் கிழவனோட குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கணுமே!

— அதனாலதான் இந்த அறையில உக்காந்திருக்கேன். இருபது வயசுல பாட வந்தேன். ‘கட்டைக்குரல், கதாநாயகிக்கு ஆகாது’ன்னாங்க. கூட்டுப் பாட்டுல நிக்க வச்சு, ‘வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது’ன்னாங்க. மூணு வருஷம் வாயை அசைச்சேன் சார். மீன் மாதிரி. அப்புறம் கிழிஞ்ச உடுப்பு ஒண்ணைத் தைச்சுக் கொடுத்தேன். ‘இது உனக்கு நல்லா வருதே’ன்னு ஊசியைக் கொடுத்துட்டாங்க.

— அன்னைக்கு என்ன நடந்துச்சு? முழுசாச் சொல்லுங்க.

— ஆறேகாலுக்கு ஹீரோ வந்தார். தொண்டை வீங்கி, வாயைத் திறந்தா காத்துதான் வருது. டாக்டர் ‘பேசவே கூடாது’ன்னுட்டார். அரங்கம் நிறைஞ்சு கிடக்கு. ஏழாம் வரிசையில நடுவருங்க வந்து டீ குடிச்சுட்டிருக்காங்க. மேனேஜர் இங்க வந்து, நீங்க உக்காந்திருக்கிற அதே ஸ்டூல்ல உக்காந்து தலையில கை வச்சுட்டார். நான் முதல் பாட்டுல ரெண்டு வரி பாடினேன். அந்தாளு தலையிலேர்ந்து கையை எடுத்துட்டார்.

— எனக்கும் ரெண்டு வரி பாடிக் காட்டுங்களேன்.

— டிக்கெட் வாங்கிட்டு வாங்க.

— அட, ஒரே ஒரு வரி...

— முடியாது சார். சும்மா பாடிக் காட்டுற வேலையெல்லாம் பதினேழாம் தேதியோட முடிஞ்சுது.

— சரி, அந்த முட்டி போட்டது? முதுகைக் காட்டினது? அதை யார் சொல்லிக் கொடுத்தாங்க?

— கோட்டோட தோளை மடிச்சேன், கீழ்மடிப்பு தைக்க நேரமில்ல. கடைசிப் பாட்டுல படி ஏறணும். ஏறினா தடுக்கி விழுவேன். அதனால படிக்குக் கீழயே முட்டி போட்டுட்டேன்.

— அடப்பாவமே! முதுகு?

— அழுதுட்டேன் சார். நடிப்புல இல்ல, நிஜமா. கண்ணீர் பட்டுத் தாடியோட ஒட்டு விட்டுப் போச்சு. ஒரு பக்கம் தொங்குது. திரும்பாம இருந்தா நாடகம் நாறிடும்.

— நடுவர் அதைப் போய் நடிப்பின் சிகரம்னு சொல்லிட்டிருக்கார்!

— தப்பா என்ன சொல்லிட்டார்? தாடி தானா விழுந்துச்சு. பாட்டு தானா வரல. மூஞ்சி இல்லாம, கை இல்லாம, வெறும் முதுகை வச்சுக்கிட்டு ஆயிரம் பேரை அழ வச்சேன். வேற யாரா இருந்தாலும் தாடியைப் பிடிச்சுக்கிட்டு உள்ள ஓடியிருப்பாங்க. சிரிக்காதீங்க.

— சிரிக்கல. கும்பிடணும்போல இருக்கு.

— கும்பிட வேண்டாம். எழுதுங்க.

— எழுதினா...

— அக்கா! நாளைக்குப் போட்டுக்கிற என் கறுப்பு கோட்டு ரெடியா? அட, கணிப்பு சார்! நீங்க எங்க இங்க? கோட்டு நிறத்தைக் கூட முன்கூட்டியே எழுதப் போறீங்களா?

— வாப்பா ஹீரோ. கையைத் தூக்கு, அளவு பார்க்கணும். சாருக்குப் பதினேழாம் தேதி யார் ஆடினதுன்னு தெரிஞ்சுருச்சு.

— ...அக்கா!

— மூச்சைப் பிடிக்காத, பித்தான் தெறிக்கும்.

— சார், இவங்க செஞ்சது பெரிய உதவி. நான் மறுக்கவே இல்ல. மறுநாளே வீட்டுக்குப் போய் நன்றி சொன்னேன், ஒரு சுவர்க் கடிகாரம் கூட வாங்கிக் கொடுத்தேன். ஆனா நியாயத்தை நீங்களே சொல்லுங்க. நூத்து நாப்பத்தோரு ஆட்டம் நான் ஆடியிருக்கேன். இந்த முட்டியை வச்சுக்கிட்டு, ஜுரத்துல, எங்க அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும். அந்த வேடத்தை உருவாக்கினது நான். ஒரே ஒரு நாள் ஆடினவங்களுக்கு அது சொந்தமாயிடுமா?

— நூத்து நாப்பத்தொண்ணையும் நீயே வச்சுக்க தம்பி. நான் கேக்கிறது அந்த ஒண்ணைத்தான். அவங்க பார்த்ததும் அந்த ஒண்ணைத்தான்.

— முதலாளிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா? ஏமாத்திட்டோம்னு நாடகத்தையே நிறுத்திடுவாங்க. அறுபது பேர் பொழப்பு. உங்களை அன்னைக்கே வெளிய அனுப்பிடுவார்.

— அனுப்பட்டும். நாளைக்கு நாப்பது உடுப்பை அவரே இஸ்திரி போடட்டும். எனக்கென்ன, கத்தரிக்கோல் என்னோடது, குரலும் என்னோடது. ரெண்டையும் எடுத்துட்டுப் போவேன்.

— சார், அக்கா பேச்சைக் கேட்டு மாட்டிக்காதீங்க. உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்கு? கோட்டுல ஊசித் தடமா? நான் இல்லைம்பேன், மேனேஜர் இல்லைம்பார், டாக்டர் வாயைத் திறக்க மாட்டார்.

— நடுவர் ஒருத்தர் முட்டி போட்டதைப் பார்த்திருக்கார்...

— அன்னைக்கு முட்டி நல்லா இருந்துச்சு, போட்டேன்னு சொல்வேன். இன்னொண்ணு, உங்களுக்கே தெரிஞ்ச விஷயம். ஆள் மாறினா நிகழ்ச்சிப் புத்தகத்துல மாற்றுச் சீட்டு வைக்கணும். உறைக்குள்ள போற பேரை நடுவருங்க அதைப் பார்த்துத்தான் எழுதுவாங்க. அன்னைக்கு மேனேஜர் சீட்டு அச்சடிக்கவே இல்ல. புத்தகத்துல இருந்தது என் பேரு. அப்ப உறைக்குள்ள யார் பேரு?

— ...உங்க பேருதான்.

— அவ்வளவுதான் கணக்கு.

— தையலம்மா, இவர் சொல்றது சரி. என் வேலை யாருக்குக் கொடுக்கணும்னு சொல்றது இல்ல, யாருக்குக் கொடுப்பாங்கன்னு சொல்றது.

— அப்ப நேத்து நடுவர் குரல் கம்மிப் போச்சுன்னீங்களே, அது யாருக்காக? கும்பிடணும்போல இருக்குன்னீங்களே, அது யாரை?

— உங்களைத்தான். ஆனா உங்க பேரை எழுதி, நாளைக்கு அங்க இவர் பேரைப் படிச்சா? பதினொரு வருஷம் ஒரே நாள்ல போயிடும். தெருவுல போறவன்லாம் கேலி பண்ணுவான். எனக்கு அந்தப் பக்கத்தை விட்டா வேற ஒண்ணும் தெரியாதும்மா.

— எனக்கும்தான் இருபது வயசுல பாட்டை விட்டா வேற ஒண்ணும் தெரியாம இருந்துச்சு. சார், கடைசியாக் கேக்கிறேன். நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச உண்மையை எழுதுறீங்களா, பலிக்கிற பொய்யை எழுதுறீங்களா?

— ...ஒரு நிமிஷம். ஃபோன் பண்ணிக்கிறேன். ஹலோ, ஆசிரியர் மேசையா? நான்தான். ஆமா, பேரை மாத்தல. ஹீரோ பேரேதான். பெரிய எழுத்துல போட்டுருங்க. தலைப்பா? ‘பன்னிரண்டாவது முறையும் தப்பாது’. ஆமா. மூடிக்கலாம்.

— ரொம்ப தேங்க்ஸ் சார்! நாளைக்கு மேடையில உங்களைச் சொல்லாம விடமாட்டேன். அக்கா, உங்களையும்தான். ‘எனக்கு உடை தைக்கும் அன்புச் சகோதரி’ன்னு எழுதி வச்சிருக்கேன்.

— நல்ல வரி. பத்திரமா வச்சுக்க.

— தையலம்மா, என்னை மன்னிச்சிடுங்க. பக்கம் போயாச்சு. இனி நானே நினைச்சாலும் மாத்த முடியாது.

— மாத்த முடியாதில்ல? நல்லாக் கேட்டுக்கிட்டேன். இந்தா தம்பி, உன் கோட்டு. கச்சிதமா இருக்கு. நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டு எனக்குப் பக்கத்துல உக்காரு.

— உங்களுக்குப் பக்கத்துலயா? உங்களை யார் உள்ள விடுவாங்க அக்கா?

— மேனேஜர் சீட்டு அச்சடிக்கலைங்கறது உண்மைதான் தம்பி. இடைவேளையில தாடியோட இந்த மேசையில உக்காந்து, அஞ்சு துண்டுக் காகிதத்துல ‘இன்னைக்கு விளக்குக்காரன்’னு போட்டு என் பேரைக் கையாலயே எழுதி, டீ கொண்டு போற பொண்ணுகிட்ட ஏழாம் வரிசை நடுவருங்களுக்குக் கொடுத்தனுப்பினேன்.