அளவுகோலில் ஒரு பள்ளம்

— …போனை வச்சுடாதே, மேலே கேளு, நிபால்டோ. “கேலக்ஸியோட நடுவுல இருக்கிற கருந்துளை வாயுவை விழுங்க விழுங்க, அதைச் சுத்தி இருக்கிறது குவேசாரா எரியும். அந்த வெளிச்சமே மிச்ச வாயுவைப் புயலா வெளியே தள்ளும். வாயு போயிட்டா புது நட்சத்திரம் பிறக்காது. அப்படிச் செத்துட்டிருக்கிற ஒரு கேலக்ஸியை நாங்க பார்த்தோம்.” எப்படி இருக்கு?

— நல்லா இருக்கு, சிமேனா. மேடை ஏறாதே.

— என்னது?

— சத்தியமா சொல்றேன், ஏறாதே.

— விளையாடாதே. பாரு, அம்மா சில்லான்லேர்ந்து பஸ் ஏறி சான்டியாகோ வந்து, புதுக் கோட்டு போட்டுக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருக்காங்க. பத்திரிகைக்காரங்க எல்லாரும் சூடான கறி எம்பனாடாவை முழுங்கிட்டிருக்காங்க.

— வாயு நம்ம பக்கம் பாயுதுன்னு காட்ட, உன் வரைபடத்துல ஒரு மேடு இருக்கே…

— அதுதான் புயலே!

— அதே மேடு, அதே அலைவரிசையில, இன்னொரு கேலக்ஸியிலயும் இருக்கு.

— அங்கயும் அடிக்குது போல.

— தூரம் வேற, சிமேனா. தூரம் மாறினா அலைவரிசையும் மாறணும். ரெண்டும் ஒரே இடத்துல வந்து நிக்குமா?

— பாரு, அது நம்ம வானத்து ஓசோனா இருக்கும். அது இப்படி ஏமாத்தும்.

— பார்த்தாச்சு. ஓசோன் கோடு அந்தப் பக்கமே இல்ல.

— ஓ, இப்பப் புரியுது. நீ ஒரு புயலைக் காட்டி நிரந்தர வேலை வாங்கிட்டே. அடுத்தவ வாங்கிடக் கூடாது. அதானே?

— திட்டிக்கோ. இங்க அட்டகாமா பாலைவனத்துல, தொலைநோக்கிப் பக்கத்துல உக்காந்து கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுட்டேன். கோக்கா இலை டீகூட ஆறிப்போச்சு. சொல்லு, தொலைநோக்கியோட ஆண்டெனாக்களை எதை வச்சுச் சரிபார்த்தோம்?

— அந்தப் பிரகாசமான குவேசாரை வச்சு. எல்லாரும் அதைத்தானே வைக்கிறாங்க. அதோட ஒளி வழுவழுன்னு இருக்கும்.

— யாரு பார்த்தா?

— யாரு பார்க்கணும்? எடைக்கல்லை யாராவது எடை போடுவாங்களா?

— நான் போட்டேன். சத்தியமா, அதுல ஒரு பள்ளம் இருக்கு. உன் கேலக்ஸியோட ஒளியை அதாலதானே வகுத்தோம்? பள்ளத்தால வகுத்தா…

— …மேடு வரும். கடவுளே.

— வேற குவேசாரை வச்சு மறுபடியும் வகுத்தேன். உன் மேடு இல்ல. துடைச்சு விட்ட மாதிரி போயிடுச்சு.

— அப்போ என் கேலக்ஸி சாகலையா?

— தெரியல. புயல் அடிக்கிறது நம்ம அளவுகோல்ல, அந்தப் பிரகாசமான குவேசார்ல. அதுலேர்ந்து கிளம்பின வாயுதான் நம்மள நோக்கி வரும்போது அதோட வெளிச்சத்தை மறைக்குது. அதான் பள்ளம்.

— இத்தனை பேர் அதால வகுத்திருக்கோமே…

— ஒவ்வொருத்தர் பேரா எழுதிட்டிருக்கேன்.

— நிபால்டோ, மைக்குல என் பேரைச் சொல்றாங்க. அம்மா எழுந்து நின்னு கை தட்றாங்க. பாரு, நீ தப்பாவும் இருக்கலாம்ல? அந்த ரெண்டாவது கேலக்ஸிக்காரன் சொதப்பியிருக்கலாம். ஏற்கெனவே அச்சாகி வந்ததா அது?

— வந்தது. நாலு பேர் பாராட்டினதுதான்.

— அவன் வரைபடத்தை நம்பி நான் மேடை ஏறாம இருக்கணுமா? யாரோ ஒருத்தனை நம்பி?

— யாரோ இல்ல, சிமேனா. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்த கேலக்ஸி அது.