கவுன்டரில் ஆள் இருக்க வேண்டும்

பால் எப்போதும் கடையின் கோடியில்தான் இருக்கும், கவனித்திருப்பீர்கள். பாலுக்கு வருகிறவர் கடை முழுக்க நடந்து போய்த் திரும்பினால், வழியில் ஒரு பிஸ்கட்டோ பேட்டரியோ கையில் ஏறிவிடும். எங்கள் கம்பெனி உலகம் பூராவும் இதை ஒரே மாதிரி செய்துவைத்திருக்கிறது. எந்த நாட்டில் போய் இறங்கினாலும் அந்த வெளிச்சப் பலகை தெரியும். உள்ளே நுழைந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாலை எடுக்கலாம். பாஷை தெரியாத ஊரில் அது எவ்வளவு ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள் சார்.

என் மனைவி இதைக் கிண்டல் செய்வாள். நன்றாகக் கடை நடத்தும் தம்பதிகளைக் கம்பெனி வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய் அங்கிருக்கும் கடைகளைக் காட்டும். "அவ்வளவு தூரம் போயி நம்ம கடையையே பாக்கணுமாங்க? பால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்பாள். பேச்சில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு போய், கவுன்டரில் நின்று தனியாகச் சிரிப்பேன். உங்களுக்குள் சண்டை சச்சரவு உண்டா என்று நேற்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முன்பு எங்களுக்கென்று சொந்தமாக ஒரு சின்னக் கடை இருந்தது. எதிரிலேயே இந்தக் கம்பெனி ஒரு கிளையைத் திறந்தது. வெயிலில் வைத்த கீரை மாதிரி எங்கள் கடை வாடிப் போயிற்று. கடைசியில் அந்தக் கம்பெனியிடமே போய்க் கடை எடுத்தோம். "அடிச்ச கையையே பிடிச்சிக்கிட்டோம்" என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்வாள். அதற்கும் சிரித்தார்கள். எனக்குள் மட்டும் அன்று புகுந்த பயம் வெளியே போகவில்லை. இந்த வயதில் இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்ற பயம். பயந்தாங்கொள்ளி என்று எழுதினாலும் மறுக்க மாட்டேன்.

பலகை கம்பெனியுடையது, சரக்கும் கம்பெனியுடையது, மாடியில் நாங்கள் குடியிருக்கும் இரண்டு அறைகளும் கம்பெனியுடையவை. ஒப்பந்தத்தில் கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தனி ஆளுக்குக் கடை கிடையாது. இருவரில் ஒருவர் வேலை செய்ய முடியாமல் போனால், கடையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், வீட்டையும் சேர்த்து. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று கையெழுத்து வாங்கும்போது சொன்னார்கள். நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

கடைக்கு மூடும் நேரம் இல்லை. கவுன்டரில் எப்போதும் ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் முதல் விதி. வேலைக்கு வைத்தவர்கள் ஒவ்வொருவராக ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்குகளுக்குப் போய்விட்டார்கள். அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கலாமாம். மிஞ்சியது நாங்கள் இருவர். அவள் தூங்கும்போது நான் நிற்பேன், நான் தூங்கும்போது அவள் நிற்பாள். புருஷன் பெண்டாட்டி என்று பேசிக்கொண்டதெல்லாம் ஷிப்ட் மாறும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். முட்டை வரவில்லை, காபி மிஷினில் தண்ணீர் ஒழுகுகிறது, சாப்பிட்டீர்களா. கொஞ்ச நாளாகத் தலை வலிக்கிறது என்றாள். எனக்கும்தான் வலிக்கிறது என்றேன். இரண்டும் உண்மை.

அன்றைக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஆய்வு. ஏரியா மேனேஜர் வர வேண்டிய நாள். அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர் வைத்தவள் என் மனைவி. சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்கேல் வைத்திருப்பார். அலமாரி விளிம்புக்கும் பாட்டிலுக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பார்ப்பார். சரக்கைப் பார்ப்பார், தரையைப் பார்ப்பார், கடைசியில் கணவன் மனைவி இருவரையும் யூனிஃபார்மில் பார்த்துவிட்டுத்தான் அறிக்கை அனுப்புவார். காலையில் இருந்து என் மனைவி தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஸ்கேல் வந்தால் என்னையும் அளந்து பார்ப்பார் என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த நேரம். பின்னறையில் அட்டைப்பெட்டிகள் சரிகிற சத்தம் கேட்டது. பின்னறை என்றால் சரக்கு வைக்கும் அறை. போய்ப் பார்த்தால் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஏதோ சொன்னாள், வார்த்தையாக வரவில்லை. தலைசுற்றல் என்று நினைத்தேன் என்று நேற்று எழுதிக் கொடுத்தேன். அதை இப்போதைக்கு அப்படியே விடுங்கள், பிறகு வருகிறேன்.

தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கேலின் கார் வந்து நின்றது.

பின்னறைக் கதவில் உள்ளே பார்க்க முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு. நாற்காலியைத் திருப்பி வைத்தேன். அவளுடைய இடது பக்கம் கண்ணாடிக்குத் தெரிய வேண்டும், அந்தப் பக்கம் நன்றாக இருந்தது. தொப்பியைச் சரியாக வைத்தேன், காலரை இழுத்துவிட்டேன். மடியில் ஒரு பெட்டியை வைத்து அதன்மேல் இடது கையை வைத்தேன். வலது கை தொங்கியது, அதை யூனிஃபார்ம் பைக்குள் செருகினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னறை கேமரா பணப்பெட்டியைத்தான் பார்க்கும், நாற்காலியைப் பார்க்காது. ஆகவே இதெல்லாம் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிகிறது. அதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

ஸ்கேல் வழக்கம்போல அளந்தார். ரொட்டி அலமாரியைப் பாராட்டினார். அம்மா எங்கே என்றார். சரக்கு எண்ணிக்கொண்டிருக்கிறாள், நடுவில் கூப்பிட்டால் கணக்குத் தப்பிவிடும், திட்டுவாள் என்றேன். அவர் சிரித்தார். அவளுடைய வாய் அவருக்கும் தெரியும். கண்ணாடி வழியாகப் பார்த்துக் கையை ஆட்டினார். "வேலையிலயே கண்ணா இருக்காங்க. திரும்பிக்கூடப் பாக்கல" என்றார்.

அப்போதுதான் மணி அடித்தது. கவுன்டரில் கூட்டம் சேர்ந்தால் நான் ஒரு பொத்தானை அழுத்துவேன், பின்னறையில் மணி அடிக்கும், அவள் ஓடி வருவாள். அதேபோலப் பின்னறையில் அழுத்தினால் கவுன்டருக்கு அடியில் அடிக்கும். நாற்காலியைத் திருப்பும்போது அவள் இடது கைக்குப் பொத்தான் எட்டும்படி வைத்துவிட்டேன். அவசரத்தில் செய்த தவறு. மணி விட்டு விட்டு அடித்தது. வரிசையில் நின்ற ஒரு பெண் அது என்ன சத்தம் என்று கேட்டாள். ஒயர் பழுது என்றேன். ஸ்கேல் அதைக் குறித்துக்கொண்டார், பராமரிப்புக் குறை என்று ஒரு மதிப்பெண்ணும் குறைத்துவிட்டார். நான் குனிந்து ஒயரைப் பிடுங்கினேன். கவுன்டர் கேமராவில் நான் குனிவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் சத்தம் பதிவாகாது. பேனா விழுந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்கள். எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

அவர் கிளம்பியதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். அவர் கிளம்பவில்லை. வாசலில் காரில் உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு அறிக்கையைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த அறிக்கை போய்ச் சேரும் முன் கடை வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் என்ன ஆகும். காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு நிதானமாகக் காபி குடிக்கும் மனிதரை நான் பார்த்ததில்லை.  ஒருவர் சிகரெட் கேட்டார், சரியான பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே என் மனைவி இருந்தாள் சார். எனக்கு ஒன்றும் கல் நெஞ்சு இல்லை.

என் மகள் போன் செய்தாள். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், தினமும் அந்த நேரத்தில் அம்மாவோடு பேசுவாள்.

"அம்மாகிட்ட குடுங்கப்பா."

"சரக்கு அடுக்குறாம்மா. அப்புறம் பேசுவா."

"நேத்து தலைவலின்னாங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களா?"

"இப்ப பரவால்ல. சிரிச்சிக்கிட்டுதான் இருக்கா."

இதைத்தான் அவள் உங்களிடம் அழுதுகொண்டே சொன்னாளாம். சொன்ன வார்த்தை அப்படியே சரிதான்.

ஸ்கேல் ஒருவழியாகப் போனார். அதற்குள் ஆபீஸ் விட்டுக் கூட்டம் வந்துவிட்டது. அந்தக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு ஆள் நகர்ந்தால் இரண்டு ஆள் நிற்கும். கவுன்டரை விட்டுப் போகவும் முடியாது, கடையை அடைக்கவும் முடியாது. இந்தக் கூட்டம் போகட்டும், போகட்டும் என்று நினைத்துக்கொண்டே பில் போட்டேன். கையில் இருக்கும் போனில் ஒரு எண்ணை அழுத்த எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நானும் இந்த ஸ்டேஷனுக்கு வந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். பில் போடும்போது கை ஓயவில்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

சாயங்கால ரொட்டியை இறக்க வந்த வண்டிக்காரர் பின்வாசல் வழியாக உள்ளே போனார். வெளியே வந்தபோது கையில் ரொட்டித் தட்டு இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் காதருகே வந்தார்.

"அண்ணே, அக்கா கண்ணு தொறந்திருக்கு. கூப்பிட்டா பதில் இல்ல. நீங்க உள்ள போகவே இல்லையா?"

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர் அவர்தான். பின்வாசல் பக்கமாக வரச் சொல்லுங்கள் என்று மட்டும் நான் சொன்னேன். கூடப் போனவரும் அவர்தான். நானும் போய்விட்டால் கவுன்டரில் யார் நிற்பது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது என்று அவர் போனில் சொன்னபோது, நான் ஒரு குழந்தைக்கு மிட்டாய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மிட்டாயைக் கொடுத்து முடித்தேன். பிறகு கண் தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் காசை வைத்துவிட்டுத் தாங்களாகவே போனார்கள்.

இப்போது தலைசுற்றல் விஷயத்துக்கு வருகிறேன். அதைத் திருத்தி எழுதுங்கள்.

வயதானவர்கள் நிறையப் பேர் கடைக்கு வருகிறார்கள் என்று கம்பெனி எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தது. பக்கவாதம் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது. சிரிக்கச் சொல்ல வேண்டும், பேசச் சொல்ல வேண்டும், இரண்டு கையையும் தூக்கச் சொல்ல வேண்டும். ஒரு கை இறங்கினால் உடனே ஆம்புலன்ஸ். காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். இருவரும் தேறினோம், அவள் என்னைவிட நன்றாக. தினமும் பேப்பர் வாங்க வரும் ஒரு பெரியவரை அவள் அப்படித்தான் காப்பாற்றினாள். அவர் இன்றைக்கும் நடந்துதான் வருகிறார்.

அன்றைக்கு அவளை நாற்காலியில் உட்காரவைத்ததும், நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள். இடது கை மேலே போனது. வலது கை கொஞ்சம் எழும்பி மடியில் விழுந்தது. எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடியும் தூக்கிக் காட்டினாள். மந்தமான பிள்ளைக்குப் பாடம் சொல்வது மாதிரி, பொறுமையாக.

எனக்கு முதல் தடவையே விளங்கிவிட்டது. மேலே நின்ற அந்த இடது கையைப் பிடித்து மெதுவாக இறக்கி மடியில் வைத்தேன். "பாத்துட்டேன். கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன். அதன் பிறகுதான் நாற்காலியைத் திருப்பினேன்.

கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று யோசியுங்கள். பிழைத்திருந்தால் ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் இல்லாமல் கிடந்திருப்பாள். கடையும் போயிருக்கும், வீடும் போயிருக்கும். அவளை எங்கே கொண்டுபோய்ப் படுக்கவைப்பேன். பேசியே வாழ்ந்தவள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் நான் முடிவு எடுத்தேன்.

ஸ்கேல் அனுப்பிய அறிக்கையில் தேறிவிட்டோம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஒருவர் இறந்துபோனால் நெருங்கிய உறவில் இன்னொருவர் சேரலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. என்மேல் புகார் கொடுத்தது என் மகள்தான் என்பது தெரியும். போனது பெற்ற தாயாயிற்றே, கோபம் இருக்கத்தான் செய்யும். அது ஆறும். நாளைக்கு அவள் இங்கே வந்தால், அம்மா பெயர் இருந்த இடத்தில் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பெரிய வேலை ஒன்றும் இல்லை. கவுன்டரை நான் பார்த்துக்கொள்வேன். அவள் பின்னறையில் இருந்தால் போதும்.