பிள்ளையை யாரு பாத்துக்கிறது?

சுருளிப்பட்டியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து திரும்பும் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளை வளர்ப்பு பத்தி ஆராய்ச்சின்னு காலேஜுலருந்து ஒரு டீச்சரம்மா வந்தாகக்கா. வேலை நேரத்துல பிள்ளையை யாரு பாத்துக்கிறதுன்னு கேட்டாக. கயிறுன்னேன்."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"பந்தக்கால்ல கட்டிப்போட்டுட்டுத்தான பழம் வெட்டுறேன்? அவுக மூஞ்சி சுருங்கிப்போச்சு. பாவமில்லையா, அவுத்துவிட்டா என்னன்னாக."

"நீ என்ன சொன்ன?"

குழந்தையின் இடுப்பில் கயிறு பதிந்த தடத்தைத் தடவிக்கொண்டே அவள் சொன்னாள்.

"மூத்தவளைக் கட்டாமத்தான் விட்டிருந்தேன், வாங்க, கெணத்தைக் காட்டுறேன்னேன்."