இருபத்தேழாம் படகின் பெட்டி

பைதன் நல்ல கணினி மொழிதான், ஐயா. ஆனால் எட்டு மெகாபைட் இடத்துக்குள் அது அடங்காது.

எங்கள் கரையின் மீனவர் சங்கம் ஒவ்வொரு படகுக்கும் ஒரு பெட்டி கேட்டது. ஆபத்தில் சிவப்புப் பொத்தானை அமத்தினால் படகு நிற்கும் இடம் கரைக்குத் தெரியவேண்டும். உள்ளே சின்ன லினக்ஸ், மிகக் குறைந்த நினைவகம். அதற்கான கட்டளைகளை எதில் எழுதுவது என்று ஒரு கிழமை யோசித்தேன். ஷெல் என்ற கட்டளை மொழி லினக்ஸோடு ஏற்கெனவே பெட்டிக்குள் இருந்தது. ஆனால் அதில் எழுதினால் பெட்டியைத் திறக்கிற எவரும் வரிவரியாக வாசிக்கலாம். லுவா என்ற மொழி இருநூறு கிலோபைட்தான். இயந்திரம் மட்டும் வாசிக்கிற வடிவில் தொகுத்து வைத்துவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் விளங்காது. சங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையில், சிறியது என்பதால் தெரிவுசெய்தேன் என்று எழுதினேன். அது பொய்யில்லை.

நாலு வருடத்துக்கு முன் என் தம்பி பிரவீணனின் இயந்திரம் நடுக்கடலில் நின்று, படகுக்குள் தண்ணீர் ஏறியது. தன் படகோடு கிட்ட நின்ற கனகலிங்கம் அண்ணையைத்தான் தொலைபேசியில் கூப்பிட்டான். செத்த வீட்டில் அவரே சொன்னார்.

"மீன் ஏறுற நேரம், பிள்ளை. வலையை விட்டிட்டு வரேலாதெல்லோ. இழுத்துப்போட்டுத்தான் போனன். ஆளைக் காணேல்லை."

ஆறு மணித்தியாலம் கழித்துப் போயிருக்கிறார். நான் கோபப்படவில்லை. அவருக்குச் சர்க்கரை வருத்தம் என்பதால் சீனி போடாத தேத்தண்ணீர் கொடுத்தேன்.

முப்பத்தொரு படகுக்கும் ஒரே கட்டளைகள். அவருடைய இருபத்தேழாம் படகுக்கு மட்டும் நாலு வரி கூட. பொத்தானை அமத்தினால் செய்தி முதலில் எனக்கு மட்டும் வரும். சங்கத்துக்கும் கடற்படைக்கும் ஆறு மணித்தியாலம் கழித்துப் போகும். செய்தியை நான் தடுக்கவில்லை, ஐயா. அவர் எடுத்த நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் கூட்டவில்லை.

பெட்டியைப் படகில் பூட்டியபோது அவர் பகிடி விட்டார்.

"உது எங்களை மாதிரி நித்திரை கொள்ளாதோ, பிள்ளை?"

"கூப்பிட்டால் எழும்பும், அண்ணை."

அம்மன் கோயில் திருவிழாவுக்கு அவர் காப்புக் கட்டினார். கட்டியவர் ஊரெல்லை தாண்டக்கூடாது, கடலுக்கும் போகக்கூடாது. அதனால் மருமகன் ஜெயசுதன் படகை எடுத்தான். அவன் போகப்போவது முதல் நாளே எனக்குத் தெரியும். அந்த வரிகளை அழிக்க ஐந்து நிமிடம் போதும். நான் அம்மனுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தேன். என்னைப்போலக் காத்திருக்கவேண்டியவர் கரையில் இருக்கிறார், அது அம்மனின் ஏற்பாடு என்று நினைத்தேன்.

மறுநாள் மதியம் அன்னதானத்தில் நான் சோறு பரிமாறினேன். கனகலிங்கம் அண்ணையின் இலைக்கு முன் குனிந்தபோது என் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். இருபத்தேழு. பன்னிரண்டு பத்து. அதைச் சங்கத்துக்கு அனுப்ப ஒரு விரல் போதும்.

"ஆர் பிள்ளை? அவசரமோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. நீங்கள் ஆறுதலாய்ச் சாப்பிடுங்கோ."

தொலைபேசியை இடுப்பில் செருகினேன். ஆறு பத்துக்குச் சங்கத்தில் மணி அடித்தது. ஜெயசுதனின் உடலை அடுத்த நாள்தான் எடுத்தார்கள்.

எல்லாம் நான்தான் செய்தேன், ஐயா. ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவருக்கு இரண்டாம் தரமும் சோறு போட்டேன். ஒருவரைப் பசியோடு எழுப்பிவிட எனக்கு மனம் வராது.