தாடாக்னு சொல்லு

அட, நடுங்காத லூர்து. உள்ள என்னா கத்திய வச்சிக்கிட்டா ஒக்காந்திருக்காங்க? மிஸிதான், நர்சு. வெள்ளச் சட்ட, வெள்ளச் செருப்பு, மலாய்க்காரி. ஏழாம் மாசம் ஆயிட்டா டவுன் கிளினிக்குலதான் காட்டணும்னு தோட்டத்துல மருந்து குடுக்குற டிரசர் ஒத்தக் கால்ல நின்னாரு, அதான் கூட்டியாந்தேன். இல்லாட்டி எனக்கென்னா வேண்டுதலா, இந்த வெயில்ல பாடாங் செராய்ல பஸ் மாறி வர்றதுக்கு? ஒன் புருசனுக்கு நேரமில்லலா. என் தம்பி கிளாரன்சுக்கு என்னிக்கு நேரம் இருந்துச்சி?

கொஞ்சம் தள்ளி ஒக்காரு, அந்தச் சீனத்தி ஒக்காரட்டும். ம்.

இப்ப நான் சொல்றதக் கேட்டுக்க. அப்பறம் உள்ள போயி பேமுழி முழிச்சிக்கிட்டு நிக்காத. மொத பேரக் கூப்புடுவாங்க. லொருட்டு மேரின்னு வாய்க்கு வந்தபடி கூப்புடுவாங்க, அது நீதான். செருப்பக் கழட்டிட்டுத் தராசு மேல ஏறணும். செவத்தப் புடிச்சிக்கிட்டு நிக்காத. கேதரின் அப்படித்தான் நின்னா, மிஸி கையிலயே ஒண்ணு வச்சா. கேதரின் யாரா? நல்லாக் கேட்ட போ. நீ படுக்குற கட்டில்ல ஒனக்கு முன்ன படுத்தவ. கிளாரன்சு மொதப் பொண்டாட்டி. பேரு கூடச் சொல்லலையா ஒங்கிட்ட? சொல்ல மாட்டான். அவளப் பத்திப் பேசுனா சோறு எறங்காது தொரைக்கு.

அப்பறம் கட்டில்ல படுக்கச் சொல்லுவா. சேலைய எறக்கிட்டு வயித்த அமுக்கிப் பாப்பா, தல எங்க இருக்கு காலு எங்க இருக்குன்னு. ஒரு கொழாய வயித்துல வச்சி, அதுல காத வச்சிக் கேப்பா. என்னாது? வெக்கமா இருக்குமா? புள்ள வயித்துக்குள்ள வந்தப்ப எங்க போச்சி இந்த வெக்கம்? சிரிக்காத, பல்லக் காட்டாத. நான் கல்யாணம் ஆவாதவதான், அதுனால எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் நெனச்சிடாத. கேதரினோட ரெண்டு வயித்தையும் இந்த பெஞ்சிக்கு இழுத்துக்கிட்டு வந்தவ நாந்தான்.

அது முடிஞ்சி கையில பட்டையச் சுத்திக் காத்தடிப்பா. இறுக்கும். கத்தாத. அப்பறந்தான் கேள்வி. மலாய்லதான் கேப்பா. ஒனக்குத்தான் மலாய் சுத்தமா வராதே, ரெண்டாம் வகுப்போட நின்ன கழுத. நான் பக்கத்துல நிப்பேன், எல்லாத்தையும் நான் சொல்லிக்கிறேன். சமயத்துல என்னைய வெளிய போவச் சொல்லுவா. அப்ப ஒரே ஒரு வார்த்த போதும் ஒனக்கு. தாடாக். இல்லன்னு அர்த்தம். சொல்லு பாப்போம். தாடாக். இன்னும் கெட்டியா. ம், அதான்.

சாக்கிட் கப்பாலான்னு கேப்பா. தலவலி இருக்கான்னு அர்த்தம். நீ என்னா சொல்லணும்? தாடாக். கண்ணு இருட்டுதான்னு கேப்பா. தாடாக். கையி காலு வீங்குதா? அதுக்கும் தாடாக்தான்.

இருக்குன்னா இருக்கட்டுமே. ஒனக்கு மட்டுமா தல வலிக்குது? காலையிலேருந்து எழவு மாதிரி சொல்லிக்கிட்டே வர்ற, தல வலிக்குது அண்ணி, கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது அண்ணின்னு. வெயில்ல நடந்தா பூச்சிதான் பறக்கும், பின்ன மயிலா பறக்கும்? காலு வீங்குனா என்னா? பொம்பள காலு, வீங்கத்தான் செய்யும். சேலைய எறக்கிக் கட்டு. இன்னும் எறக்கு. கட்ட வெரல வச்சி அமுக்கிப் பாத்தாள்னா குழி விழும், அதான் பாக்குறா. விழுந்துச்சின்னா எழுதிடுவா.

எழுதிட்டா வார்டுதான். பெரியாஸ்பத்திரிக்கு வண்டியில ஏத்தி அனுப்பிடுவாங்க, புள்ள பொறக்குற வரைக்கும் விட மாட்டாங்க. கேதரின் மொத வயித்துல, அதான் நம்ம ஜேன் வயித்துல இருந்தப்ப, அப்படித்தான் போயிப் படுத்தா. மூத்திரத் தண்ணியச் சுட வச்சிப் பாத்தாங்க, முட்ட வெள்ளக்கருவு மாதிரி திரிஞ்சிப் போச்சி. உப்பு எறங்குதாம். மகாராணி மாதிரி வார்டுல மல்லாக்கப் படுத்துக்கிட்டா. இங்க யாரு? எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்கு, பீ மூத்திரம் யாரு அள்ளுனது? விடியுமுன்ன எழுந்து ஆக்கி வச்சி, காட்டுக்குப் போயி ரப்பர் பால் வெட்டி, திரும்பி வந்து மாட்டக் கட்டி, எல்லாம் இந்த ரெண்டு கையி. ஒன் புருசன் இருக்காரே, வேல விட்டு வந்ததும் ஹோண்டாவ எடுத்துக்கிட்டு தெனம் ஆஸ்பத்திரிக்கு. கோழி சூப்பு வேற. ஆக்குறது நானு, கொண்டு போறது அவன், குடிக்கிறது அவ. எனக்கு மலேரியா வந்து மூணு கம்பளி போத்திக்கிட்டுக் கெடந்தப்ப ஒரு வாய் கஞ்சி குடுத்தானா அவன்? கேட்டுப் பாரு.

ஆமா, நல்லபடியாத்தான் பெத்துக்கிட்டு வந்தா. யாரு இல்லன்னா?

எங்க எந்திரிக்கிற? தண்ணி புடிக்கணுமா? ஒக்காரு நீ. கக்கூசு ஓரம் பாசி புடிச்சிக் கெடக்கு, வழுக்கி விழுந்து வச்சா அது வேற எனக்குக் கெட்ட பேரு. பையிலேருந்து அந்த இருமல் மருந்து போத்தல எடு. கழுவாம கொண்டாந்திருப்ப, ஒன்னையத் தெரியாதா? குடு, கழுவிட்டு வரேன். என் எடத்த வேற யாருக்கும் விட்டுக் குடுத்துடாத.

…

அப்பாடா. வரிசையில நின்னு போறதுக்குள்ள முட்டி கழண்டுக்கிச்சி. இன்னும் ரெண்டு பேருதானா? பரவால்ல.

இந்தப் பச்சச் சட்டக்காரி போவட்டும். என்னா முணுமுணுக்கிற? சாக்கிட் கப்பாலா, சாக்கிட் கப்பாலான்னு? அத எதுக்கு மனப்பாடம் பண்ற? அது மிஸி கேக்குறது, நீ சொல்ல வேண்டியது அது இல்ல. எங்கிட்டயே வேலையக் காட்டுற பாத்தியா. சொல்லு, தாடாக். இல்லாட்டி இப்படியே பஸ் ஏத்தி ஒங்க ஊரு யான் கம்பத்துல ஒங்கப்பன் வீட்டு வாசல்ல எறக்கி விட்டுட்டுப் போயிடுவேன். குடிகார அப்பன் வாடி ராசாத்தின்னு தொட்டில் கட்டி வச்சிருப்பாரு.

அழுவாத. எல்லாரும் பாக்குறாங்க. மூக்கத் தொட.

கேதரினா? ரெண்டாவதுலதான் போனா. நீ நெனைக்கிற மாதிரி பெத்துப் போட்டுட்டுச் சாவல. அடுப்பங்கரையில தேங்கா துருவிக்கிட்டு இருந்தா. தல பொளக்குது அண்ணின்னா. தேங்காயத் துருவிட்டுப் போயிப் படுன்னேன். துருவிக்கிட்டு இருந்தவதான், அப்படியே சாஞ்சி கையி காலு வெட்டி வெட்டி இழுக்குது, வாயில நொர. ஜன்னி. நாக்கக் கடிச்சிக்கிட்டா. தோட்டத்து லோரியில ஏத்துறதுக்குள்ள வயித்துப் புள்ளையும் அசையல. ரெண்டையும் ஒரே பெட்டியில வச்சித்தான் ஃபாதர் செபிச்சாரு.

அப்பறம் இந்த மிஸி இல்ல, இவளுக்கு முன்ன இருந்தவ, அவளே வீட்டுக்கு வந்தா. அவளுக்கு ஒரே ஆச்சரியம். பிரஷர் கொஞ்சம் ஏறித்தான் இருந்துச்சி, வெயில்ல நடந்து வந்தோம்னு நீங்க சொன்னீங்க, ஆனா வந்த தடவையெல்லாம் தண்ணி பாகுஸ்ஸா, நல்லா கண்ணாடி மாதிரி இருந்துச்சே, ஜன்னி எப்படி வரும்னு கேட்டா. கிளாரன்சு அழுதுக்கிட்டுப் போயி அவளுக்குக் கோப்பி ஆத்திக் கொண்டாந்து குடுக்குறான். நான் என்னாத்தச் சொல்ல? கர்த்தரோட சித்தம் மிஸின்னேன்.

என்னா? ஆமா, போத்தலு நெறஞ்சிதான் இருக்கு. கழுவத்தான் போனேன், அப்படியே புடிச்சிக்கிட்டு வந்துட்டேன். ஒன்னோடது எதுக்கு? ஒன்னோடது திரிஞ்சி போவும்னு ஒன் காலப் பாத்தாலே தெரியுதே. எனக்கு உப்பும் இல்ல, சக்கரையும் இல்ல. கேதரினுக்கு அந்த ரெண்டாவது வயித்துல மாசா மாசம் என்னோடதுதான் குடுத்தேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சின்னு மிஸியே சொன்னாளே. பின்ன? இன்னொரு தடவ சூப்பு ஆக்கிக் குடுக்க எனக்கு ஒடம்புல தெம்பு இல்லலா.

வாய மூடு, ஈ போயிடப் போவுது. யாருகிட்ட சொல்லுவ? எந்தப் பாஷையில சொல்லுவ?

இந்தா, கூப்புடுறா பாரு. லொருட்டு மேரி. நம்மளத்தான். எந்திரி. சேலைய இழுத்து விடு, காலு தெரியுது. போத்தலப் புடி. கெட்டியாப் புடி, சிந்திடாத. பயப்படாத, இன்னும் சூடாத்தான் இருக்கு.