வெள்ளை எழுத்து

மாணவர்களுக்குக் கட்டுரையில் ஓரம் விடத் தெரியாது. இடதுபக்கம் ஒன்றரை அங்குலம் என்று மாநாட்டு விதியில் தெளிவாகப் போட்டிருந்தாலும், தங்கள் கண்ணுக்கு எது அழகோ அதை வைத்துக்கொண்டு வருவார்கள். அதைச் சரிசெய்வதுதான் என் வேலை. சட்டக் கல்லூரிக்கு எதிரே இருக்கும் அச்சுக்கடையில் இரவு ஷிப்ட். நானும் அந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வரை படித்தவன்தான். பிறகு சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டேன். காரணம் கேட்காதீர்கள். இந்த வழக்குக்கு அது தேவைப்படாது.

அந்தப் பெண் கடையில் விளக்குப் போடும் நேரத்துக்கு வந்தாள். மாணவர் மாநாட்டுக்கான கட்டுரை. காலையில் அனுப்பியாக வேண்டும்.

"அண்ணா, நீங்கதான் காப்பாத்தணும். அடிக்குறிப்பப் பாத்துட்டு எங்க மேடம், இது கட்டுரையா, கறிக்கடை பில்லான்னு கேட்டாங்க."

"வெச்சிட்டுப் போம்மா. காலைல வந்து வாங்கிக்க."

"உள்ள நான் பேட்டி எடுத்த பொண்ணுங்க இருக்காங்கண்ணா. அவங்க பேரு வெளிய தெரியாதுல்ல?"

"நீ மறைச்சிருந்தா தெரியாது."

"எல்லாத்தையும் மறைச்சிட்டேன்."

கணவன் வீட்டைவிட்டு வெளியேறிய பெண்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு பற்றிய கட்டுரை. பெண் 1, பெண் 2 என்று எண் கொடுத்திருந்தாள். நான் எதையும் படிப்பதில்லை, வரி இடைவெளியைத்தான் பார்ப்பேன். ஆனால் பெண் 4-இல் கண் நின்றுவிட்டது. அடிப்பதற்கு முன் கணவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி, கண்ணாடி மேலே பார்த்திருக்கும்படி மேஜையில் வைப்பார் என்று இருந்தது. அப்படி வைக்கிற ஒருவனை எனக்குத் தெரியும். என் அண்ணன். அடுத்த வரியில், கணவரின் தம்பி பக்கத்து அறையில் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார் என்று இருந்தது.

எழுந்து நடந்தேன். இயந்திரத்தில் தாள் நிறைய இருந்தும் மறுபடி தாள் அடுக்கினேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. இப்போது ஆடுகிறதே, இப்படித்தான்.

அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு எங்கள் வீட்டில் தூக்கமே இல்லை. நான் பகலில் தூங்க வேண்டியவன். அண்ணன் கூடத்தில் நடந்துகொண்டே இருப்பான். நடை நின்றால் இன்னும் மோசம். மேஜையில் கடிகாரம் வைக்கும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன். அண்ணி இருந்தவரை அவன் கை அவளோடு நின்றது. அவள் போனதும் என்னிடம் வந்துவிட்டது. சட்டையைத் தூக்கிக் காட்டினேன், குறித்துக்கொண்டீர்கள்.

எழுத்து முழுவதும் கறுப்பாக இருக்க வேண்டும் என்பது மாநாட்டு விதி. கணினியில் கட்டுரை மொத்தத்தையும் தேர்வுசெய்து கறுப்பாக்கினேன். எண்களுக்குப் பக்கத்தில் வெற்றிடமாக இருந்த இடங்களில் எழுத்து முளைத்தது. கட்டுரை எழுதிய பெண் எதையும் நீக்கியிருக்கவில்லை. பெயர்களுக்கு வெள்ளை நிறம் கொடுத்திருந்தாள். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து, அதுதான் அவளுக்குத் தெரிந்த மறைத்தல். பெண் 4-க்குப் பக்கத்தில் அண்ணியின் பெயர் இருந்தது. வேலை பார்க்கும் தையல் கூடமும் தெருவும் இருந்தன.

எல்லாவற்றையும் நான் முறையாக நீக்கினேன். கட்டுரையில் இப்போது ஒரு பெயர்கூட இல்லை, திறந்து பாருங்கள். காலையில் அவள் வாங்கிக்கொண்டு, "தெய்வம்ணா நீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவளை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குப் போனபோது அண்ணன் விழித்திருந்தான்.

"டேய், எங்கடா ஊர் சுத்திட்டு வர?" என்றபடி கடிகாரத்தின் பட்டையில் கை வைத்தான்.

"அண்ணி இருக்கிற எடம் தெரிஞ்சிடுச்சு," என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் பட்டையை மறுபடி இறுக்கிக்கொண்டான். என் தோளைத் தட்டினான். எத்தனை நாளாயிற்று அவன் அப்படித் தட்டி.

"சும்மா பேசிட்டு வரேன்டா. நீ படு."

பேசப் போகிறவன் சமையலறைக்குள் எதற்குப் போனான் என்று கேட்டீர்கள். இழுப்பறை திறக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அதில் எது இருக்கும் என்பதும் தெரியும். படுத்தேன். உங்கள் ஆட்கள் வந்து கதவை இடிக்கும்வரை அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.

தையல் மேஜையில் அண்ணன் கடிகாரம் கண்ணாடி மேலே பார்த்தபடி இருந்தது என்றீர்கள். குழந்தை அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தது என்றீர்கள். நல்லது.

தெரிந்தேதான் சொன்னேன். அண்ணியைக் கொல்வான் என்று தெரிந்து சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். கட்டுரையில் அண்ணி சொல்லியிருப்பது தவறு, அடுத்தவர் எழுதியதில் கை வைக்கக்கூடாது என்று அப்படியே விட்டுவிட்டேன். என் அறையில் டிவி கிடையாது. ரேடியோதான். அன்று காலையிலும் இழுப்பறைச் சத்தம் கேட்டதும் அதைத்தான் கூட்டி வைத்தேன். இதையாவது சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.