பார்க்கிங்கின் முதல் தமிழன்

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊருக்குப் போகும் பஸ். என் முன் இருக்கையில் ஒரு பெரியவரும், அந்த ஊருக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவரும் இருந்தார்கள்.

"பார்க்கிங்கில முதல் குடியேறின தமிழன் நான்தான்," என்றார் பெரியவர்.

"ஏன் அண்ணை இந்த ஊரைத் தெரிஞ்செடுத்தனீங்கள்?"

"நான் எங்க தெரிஞ்செடுத்தனான்? ஏர்போட்டில இறங்கிச் சினேகிதனுக்குப் போன் எடுத்தன். 'பார்க்கிங்கில நில், வாறன்' எண்டான். வழி விசாரிச்சு, ரெயின் ஏறி வந்து நிண்டன்."

"அவர் கார் விடுற இடத்தையெல்லோ சொல்லியிருப்பார்."

"ஓம். அது விளங்கேக்கை நான் இங்க அறை எடுத்து, வேலைக்கும் போகத் தொடங்கிட்டன்."

வெளியே தமிழ்க் கடைகள் வரிசையாக வந்தன.

"அவர் பிறகும் வரேல்லையோ?"

"போன வருஷம் வந்தவன், வீடு வாங்க. பார்க்கிங் இல்லையெண்டு திரும்பிப் போயிட்டான்."